கேளுங்கள், சொல்கிறேன்: கப்பலுக்கு 'டு', காவடிக்கு 'இங்'

கேள்வி: குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிவருகிறேன். 'ட்ரூரோ வாஸ் த ஃபர்ஸ்ட் ஷிப் பிரிங்கிங் இண்டென்ச்சர்ட் லேபரர்ஸ் டு நேட்டால்' என்று எழுதியிருந்தேன்; அதாவது, ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுவந்த முதல் கப்பல் ட்ரூரோ என்று. பேத்தி அதை 'டு பிரிங்' என்று மாற்றிவிட்டாள். 'டு' போட்டால் இனிமேல் நடக்கப்போவது என்றுதானே படித்தோம்? கப்பல் வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே!
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பேத்தி பக்கம்தான் நியாயம், அம்மா. நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி விதி. 'எ லெட்டர் டு ரைட்' என்றால் கடிதம் இன்னும் எழுத வேண்டியது. 'எ லெட்டர் ரிட்டன் இன் தமிழ்' என்றால் எழுதி முடிந்தது. 'டு ரைட்' மாதிரி இன்ஃபினிட்டிவ் பாக்கி வேலை, 'ரிட்டன்' மாதிரி பாஸ்ட் பார்ட்டிசிபிள் முடிந்த வேலை. சரி. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஃபர்ஸ்ட், லாஸ்ட், நெக்ஸ்ட், ஒன்லி வந்துவிட்டால் கதை வேறு. அங்கே ஒரு வரிசையிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறோம். எதற்கான வரிசை என்பதை மட்டும் 'டு' சொல்லும். காலத்தை 'வாஸ்' பார்த்துக்கொள்ளும். 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனுக்கு வந்த ட்ரூரோ 'த ஃபர்ஸ்ட் ஷிப் டு பிரிங்'. 1911இல் வந்த உம்லாசி 'த லாஸ்ட் ஷிப் டு பிரிங்'. நாளைக்கு வரப்போகிற கப்பலும் 'த நெக்ஸ்ட் ஷிப் டு அரைவ்'தான்.

அப்புறம், 'ஃபர்ஸ்ட்' இல்லாவிட்டாலும் உங்கள் 'பிரிங்கிங்' அங்கே ஒட்டாது. 'த மேன் பிரிங்கிங் த லெட்டர்' என்றால் ஆள் வந்துகொண்டிருக்கிறார். நேற்றே கொடுத்துவிட்டுப் போனவர் 'த மேன் ஹூ பிராட் த லெட்டர்'. நம் 'கொண்டுவந்த' என்ற பெயரெச்சம் இறந்தகாலத்தைத் தானே சுமக்கும். ஆங்கில 'இங்'கால் அது முடியாது. நம்மவர்கள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: தைப்பூச நோட்டீஸில் 'டிவோட்டீஸ் டு கேரி காவடி' சரியா, 'கேரியிங் காவடி' சரியா?
- கோயில் தொண்டர், ஃபீனிக்ஸ்

பதில்: 'டு கேரி' என்று போட்டால் காவடி எடுக்க ஆள் தேவை என்று விளம்பரம் செய்ததுபோல் இருக்கும்! நேர்ந்துகொண்டு எடுப்பவர்களைக் குறிப்பிட 'கேரியிங்' போதும். பால், தேங்காய், கற்பூரம் என்று கீழே பட்டியல் போடுவீர்கள் அல்லவா, அதற்குத் தலைப்பு 'திங்ஸ் டு பிரிங்'. அவையெல்லாம் இனிமேல்தானே வர வேண்டும்.