தம்பி மகளுக்கு வளர்ச்சித் தாமதம்: அந்தத் தாய்க்கு எப்படி ஆறுதல் சொல்வது?

தம்பி மகளுக்கு இரண்டரை வயதாகியும் நடையும் பேச்சும் சரிவர வரவில்லை, தம்பி மனைவி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எப்படி ஆறுதல் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள். "அவள் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன அதே வாய்கள்தாம், மருத்துவர் என் மகனுக்கு வளர்ச்சித் தாமதம் என்று உறுதிசெய்ததும், மாசமாக இருந்தபோது நான் என்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தன. எல்லா உறவினர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பிறகு கைகொடுத்தவரும் ஓர் உறவினர்தாம்.

என் மகனுக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி நடந்தது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வரும் மையம் அது, கட்டணம் இல்லை. ஆனால் பயிற்சியாளரின் கையில் குழந்தை இருப்பது சிறிது நேரந்தான். அவர் காட்டிக்கொடுத்ததை நாள் முழுவதும் வீட்டில் செய்ய வேண்டியவள் தாய். அவள் களைத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்; துக்கம் மட்டுமே காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் நாத்தனார் ஒருநாள் கூடவே வந்து, தரையில் உட்கார்ந்து, பயிற்சியாளர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டார். அதன்பின் மாலை வேளைகளில் தட்டில் நாலைந்து பொரியைப் போட்டு அவன் முன்னால் வைப்பார். அவன் உள்ளங்கையால் வாரப் பார்த்தால், மற்ற மூன்று விரல்களையும் மெல்ல மடக்கிப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்யும்படி விட்டு, அவனாக எடுக்கும்வரை காத்திருப்பார். எடுத்து ஊட்டிவிட மாட்டார். அந்த நேரத்தில்தான் நான் நிம்மதியாகத் தலைக்குக் குளித்தேன்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், இதெல்லாம் முடியாது என்றால் காகித வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் அறிவுசார் குறைபாடு, புறவுலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உறுதியானால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் வாங்க வேண்டியிருக்கும். அதன்பின் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வரிசைகளில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. உங்கள் தம்பி மனைவிக்குப் பதிலாக நீங்கள் போய் நில்லுங்கள், குழந்தையை நேரில் காட்ட வேண்டிய நாளில் மட்டும் அவர் வந்தால் போதும்.