வீட்டில் பீட்சா மாவை விரிக்க விரிக்கச் சுருங்கிவிடுகிறதே, ஏன்?

மாவு இன்னும் ஊறவில்லை, அவ்வளவுதான். பிசையும்போது மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகிறது. அது ரப்பர் மாதிரி, இழுத்தால் பழைய இடத்துக்கே ஓடும். 20 நிமிடம் மூடி வைத்தால் தளர்ந்துவிடும். பரோட்டா மாவை ஊறப்போடுவதும் இதற்குத்தான்.

நான் எடுக்கும் அளவு: 500 கிராம் மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். 10 நிமிடம் பிசைந்தபின் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் சரி. படக்கென்று கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

அப்புறம் இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். அவசரமில்லை என்றால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மெதுவாகப் புளிப்பதால் ருசி கூடும். ஆனால் எடுத்தவுடன் விரிக்காதீர்கள், ஜில்லென்ற மாவும் இப்படித்தான் சுருங்கும். ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும்.

சப்பாத்திக் கட்டை வேண்டவே வேண்டாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் விரல் நுனியால் நடுவிலிருந்து அழுத்தி, காற்றை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். ஓரம் பொம்மென்று எழும்புவது அதனால்தான். அங்கே விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால், கனமான தட்டை அரை மணி நேரம் உள்ளேயே காயவைத்து, அதன்மேல் பீட்சாவைப் போடுங்கள்.