பிறந்தநாள் சுற்று

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

என் பிறந்தநாள் ஒக்டோபர் 30. 1995இல் அந்தத் திகதியில் எனக்கு ஒன்பது வயது நிறைந்தது. அன்றிரவு மழையில், போருக்கு அஞ்சி ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன சனத்தோடு சனமாக, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அழுதுகொண்டிருந்த என்னிடம், "அடுத்த பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணம் முழுக்கச் சுத்திக் காட்டிறன்" என்றார் அம்மா. ஊர் திரும்பியதும் சொன்னதைச் செய்தார். அப்போது உள்ளே போக முடியாதிருந்த இடங்கள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அம்மா காலமான பிறகும் நான் அதை விடவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளும் விடுப்பெடுத்து, காலையில் நல்லூரில் அர்ச்சனை, பொது நூலகத்துச் சரஸ்வதி சிலை முன் ஒரு படம், கோட்டை, ஐஸ்கிரீம், மாலையில் பண்ணைக் கடற்கரை என்று தனியே சுற்றுகிறேன். கஸ்தூரியார் வீதிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருந்த தேநீர்க் கடையும் அந்தச் சுற்றில் ஒன்று. சென்ற பிறந்தநாளில் போனபோது அது கைப்பேசிக் கடையாகியிருந்தது. வீதியில் நின்று அழுதுவிட்டேன். அந்த இடத்தை வெறுமையாக விடுவதா, வேறொன்றைச் சேர்ப்பதா? கோட்டையிலும் இப்போது படமெடுக்கும் இளையவர்களின் கூட்டம், அமைதியே இல்லை. நட்சத்திரத்தை விட்டுத் திகதியில் கொண்டாடுவது பிழை என்று மாமி வேறு சொல்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச., கோண்டாவில்

*

அன்புள்ள ச.,

ஊரை நேசிப்பதாகச் சொல்லும் நாம் அந்த ஊருக்கு என்னவாக இருக்கிறோம் என்ற கேள்வி சில காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அம்மாவை வணங்குகிறேன். அன்றிரவு அந்தப் பாதையில் நானும் இருந்தேன். சைக்கிளில் மூட்டையைக் கட்டி, அதன்மேல் பிள்ளையை இருத்தி, ஓரடி எடுத்து வைப்பதற்குள் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்த அந்த நெரிசலில், திரும்பி வருவோமா என்பதே ஒருவருக்கும் தெரியாதிருந்தபோது, ஒரு தாய் தன் பிள்ளைக்கு அடுத்த பிறந்தநாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கை நீங்கள் இன்னும் காப்பாற்றி வருகிறீர்கள். அதில் எவருக்கும் குறை சொல்ல உரிமையில்லை, எனக்கும் இல்லை. திகதியா நட்சத்திரமா என்பது உங்கள் வீட்டுக் காரியம். நட்சத்திரத்தன்று மாமிக்கு ஒரு பாயசம் வைத்துக் கொடுத்தால் அது தீர்ந்துவிடும்.

ஆனால், பிள்ளை, அந்தத் தேநீர்க் கடை முன் நின்று அழுததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன் கடைசியாக அங்கே எப்போது தேநீர் குடித்தீர்கள்? உங்கள் கடிதத்தின்படி பார்த்தால் அதற்கு முந்திய பிறந்தநாளில். கடைக்காரர் வாடகையை மாதந்தோறும் கட்ட வேண்டும். பாலும் சீனியும் தேயிலையும் அன்றாடம் வாங்க வேண்டும். ஆண்டில் ஒருநாள் கண்கலங்கக் குடித்துவிட்டுப் போகும் ஒரு கோப்பைத் தேநீரால் எந்தக் கடையும் நிலைத்ததில்லை. கோண்டாவிலிலிருந்து அந்த ஒழுங்கை என்ன கடல் கடந்தா இருக்கிறது? வெளிநாட்டில் இருந்து ஆடிக்கொருமுறை வருபவர்கள் அழுதால் எனக்கு விளங்குகிறது. பக்கத்திலேயே இருந்துகொண்டு வராமல் இருந்தவர், கடை போனபின் அழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்டையிலும் இதே கதைதான். சரஸ்வதி சிலை முன் நீங்கள் எடுத்தால் அது நினைவு, அந்தப் பிள்ளைகள் கொத்தளத்தில் எடுத்தால் கூச்சலா? அவர்கள் மாலை தவறாமல் அங்கே வருகிறார்கள். முருகைக் கல்லில் உறைந்திருக்கும் சிப்பியின் வரிகளை விரலால் தடவிப் பார்க்கிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், வேலை கிடைக்காததைப் பேசிப் பெருமூச்சு விடுகிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆயுதத்தோடு இருந்த இடம் அது; 1990இல் முற்றுகைக்குள் கிடந்து சிதைந்த இடம். அங்கே இன்று இருபது வயதுப் பிள்ளைகள் பயமில்லாமல் சத்தம் போடுகிறார்கள் என்பதைவிட நல்ல செய்தி எது? அவர்களை முகம் சுளித்துப் பார்க்காதீர்கள்.

இனி நூலகம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான். நூலகத்துக்குப் போகிறீர்கள், சிலை முன் படமெடுக்கிறீர்கள், அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஒரு நூலை இரவல் எடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. செத்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவதுபோல நூலகத்துக்குப் போய்வருகிறோம், நீங்கள் மட்டுமல்ல, நம்மில் பெரும்பாலானோர். நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். எரிந்தவை தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்ற எண் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இன்று அந்த அலமாரிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்பதையாவது நினைத்துப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் இருந்த நூல்களை ஊராருக்கு இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தது. 1959இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் அதன்பிறகு வந்தது. இரவல் கொடுப்பதும் எடுப்பதும்தான் முதலில் இருந்தன. குவிமாடமும் சிலையும் அவற்றுக்குப் பின்னால் வந்தவை.

என் பிறந்தநாள்களும் அந்தக் கட்டடத்தோடு பிணைந்தவை. அம்மா வண்ணார்பண்ணையிலிருந்து நடந்தே நூலகத்துக்குப் போவார். பிறந்தநாள் என்றால் எனக்கு ஒரே ஒரு சலுகை உண்டு: அவருடைய அட்டையில் எடுக்கும் நூலை நான் தெரிவு செய்யலாம். அட்டைப்படத்தைப் பார்த்து நான் ஓடுவேன். அம்மாவோ பின்னட்டையைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பார். ஊதா மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, சில கோணலாகவும் சில பாதி அழிந்தும், திகதிகள் குத்தப்பட்டிருக்கும். கடைசித் திகதி மிகப் பழையதாக இருந்தால் அந்த நூலை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். "பாவம், இதை ஆரும் எடுக்கேல்லை" என்பார். அப்படி அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த நூல்கள் பல எனக்கு அப்போது விளங்காதவை. அவற்றில் சிலதான் பிற்காலத்தில் என்னை எழுத வைத்தன.

1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த நாள்களில் ஓரிரவு நூலகம் எரியூட்டப்பட்டது. அன்று எங்கள் வீட்டில் அம்மா எடுத்துவந்த ஒரு நாவலும் ஒரு மருத்துவ நூலும் இருந்தன. இரண்டிலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளாக ஜூன் மாதத் திகதி குத்தப்பட்டிருந்தது. அந்தத் திகதி வந்தபோது கொடுப்பதற்கு இடம் இல்லை. நகரில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒன்றிரண்டு நூல்கள் தப்பியிருக்கும். யாரோ ஒருவர் படிப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார் என்பதைத் தவிர, அவை பிழைத்ததற்கு வேறு காரணம் கிடையாது. 1984இல் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் இயங்கியபோது அம்மா அந்த இரண்டையும் பழைய சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நினைவாக வைத்துக்கொள்ளலாமே என்று நாங்கள் கெஞ்சினோம். "நூலகத்துப் புத்தகம் நூலகத்தில இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த கையோடு புதிதாக ஒன்றை இரவல் எடுத்து வந்தார். பின்னர் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளில் அந்தக் கட்டடம் மறுபடியும் சிதைந்தது. அம்மா செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

வெறுமையாகிவிட்ட இடத்தில் எதைச் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிறந்த திகதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் மழையில் நடந்ததற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்பு, 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெருப் பக்கம் இன்று திரும்பி வந்தவர்களின் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. ஐந்துசந்தியில் தேநீர் கிடைக்கும். பிறந்தநாளன்று மட்டும் போய் வருத்தப்பட்டுவிட்டு வராதீர்கள். மரக்கறிக்கோ துணிக்கோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கேயே குடியுங்கள், கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகும்வரை.

ஒக்டோபர் வரை எதற்கும் காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே நூலகத்துக்குப் போய் உங்கள் பெயரில் அங்கத்துவம் எடுங்கள். முதலில் கையில் எடுக்கும் நூலின் பின்னட்டையைத் திறந்து, அதை எப்போது கடைசியாக ஒருவர் எடுத்தார் என்று பாருங்கள். எந்த நூலை வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். திருப்பிக் கொடுத்ததும் நான் அதை எடுக்கிறேன்.