996-ஐ விற்று 997 வாங்கலாமா?

வணக்கம். 2001ஆம் ஆண்டு போர்ஷே 996 கரேரா காரை விற்றுவிட்டு, அதற்கு அடுத்த தலைமுறையான 997-இல் 2007ஆம் ஆண்டு கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்து இன்ஜினே பழுதாகிவிடுமோ என்ற அச்சம்தான் காரணம் என்றால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

உங்கள் காரில் கிளட்ச் மாற்றுவதற்காக கியர்பாக்ஸை இறக்கும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடலாம். 2007 மாடலிலோ பேரிங் பெரியது, உறுதியானது என்றாலும், இன்ஜினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க இயலாது. அந்த பேரிங்கே இல்லாத இன்ஜின் கரேராவில் 2009 மாடலில்தான் வந்தது. மாறுவதானால் அதற்கே மாறுங்கள் என்பேன்.

அதற்கு முன், ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரின் காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால், மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். துகள் ஏதும் இல்லையென்றால், நல்ல நிலையில் உள்ள 996-ஐ இழக்க எனக்கு மனம் வராது.