தோட்ட வேலையோடு வெளிப்புறச் சமையலறையும்: முதல் ஒப்பந்தத்துக்கு முன்

கேள்வி: தோட்டம் அமைப்பது, தரைக்கல் பாவுவது, சுற்றுச்சுவர் கட்டுவது என்று சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஐந்து பேர் கொண்ட குழு. முற்றம் அமைத்துக் கொடுக்கும் வீடுகளில் பலரும் "இங்கேயே ஒரு சமையல் மேடையும் கட்டித் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். கட்டுவேலை எங்களுக்குக் கைவந்தது. கேஸும் மின்சாரமும் பழக்கமில்லை. இந்த வேலையை எடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது, விலை எப்படிப் போடுவது?

பதில்: தாராளமாக எடுக்கலாம். மண்ணை இறுக்குவது, தளம் போடுவது, கல் கட்டுவது, வாட்டம் பார்ப்பது என்று இதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். நஷ்டம் வருவது பெரும்பாலும் ஒருவர் வேலையை முடித்து அடுத்தவர் கைவைக்கும் இடத்தில். கொத்தனார் விட்ட இடைவெளிக்குள் கிரில் (இறைச்சி, காய்கறியை நெருப்பில் வாட்டும் அடுப்பு) நுழையாது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் ஒயர் இழுக்க வழி இருக்காது. கேஸ் வால்வு ஒரு சுவருக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசையைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவருக்குத்தான் இதில் லாபம்.

காலிக் குழாயில் தொடங்குங்கள்

சமையலறை ஒப்பந்தம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து நீங்கள் பாவப்போகும் முற்றத்திலேயே, வீட்டுச் சுவரிலிருந்து மேடை வரக்கூடிய மூலைவரை காலிக் குழாய்களைப் புதைத்துவிடுங்கள்: மின்சாரத்துக்கு 50 மி.மீ. ஒன்று, தண்ணீருக்கு 50 மி.மீ. ஒன்று, கழிவுநீருக்கு 100 மி.மீ. ஒன்று. ஆழம் 450 முதல் 600 மி.மீ. இரு முனையிலும் மூடி, மின் குழாய்க்குள் ஒரு இழுவைக் கயிறு. கழிவுக் குழாய்க்கு மட்டும் மீட்டருக்கு 20 மி.மீ. வாட்டம். மூடுவதற்கு முன் அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து, வாடிக்கையாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். செலவு சொற்பம். இரண்டு ஆண்டு கழித்து மேடை வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், பாவிய கல்லைப் பெயர்க்காமல் வேலை செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

கேஸ் குழாயை இதே பள்ளத்தில் போடாதீர்கள். அதற்குத் தனிப் பள்ளம், தனி ஆள். தளத்துக்கு அடியில் கொண்டுபோவதையே முடிந்தவரை தவிர்க்க வேண்டும். வேறு வழியில்லை என்றால், முனை திறந்தவெளியில் வந்து முடியும் உறைக்குழாய்க்குள்தான் போக வேண்டும். இல்லையேல் கசியும் கேஸ் தளத்துக்கு அடியிலேயே பரவி வீட்டுச் சுவரைத் தேடிப் போகும்.

முதல் இரண்டு, மூன்று வேலைகளை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். 2.4 முதல் 3 மீட்டர் நீளத்தில் நேரான மேடை, ஒரு கேஸ் கிரில், இழுப்பறை, ஒரு மின் இணைப்பு. இவ்வளவு போதும். சிங்க், கூரை, பீட்ஸா அடுப்பு எல்லாம் பிறகு. ஒவ்வொன்றும் இன்னொரு தொழிலாளரையும் இன்னொரு நாள்குறிப்பையும் கொண்டுவரும்.

கிரில் வந்த பிறகுதான் கல் வெட்டு

ஒவ்வொரு கிரிலுக்கும் இரண்டு அளவு உண்டு. ஒன்று வெளியே தெரியும் விளிம்பின் அளவு, மற்றது வெட்ட வேண்டிய துளையின் அளவு. விற்பனைத் தாளில் முதலாவதுதான் பெரிதாக இருக்கும். இதை மாற்றிப் படித்து வீணான கற்கள் ஏராளம். கையேட்டைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். ஆனால் பொருள் கைக்கு வந்து, நாடா வைத்து அளந்த பிறகே கல்லை வெட்டக் கொடுங்கள்.

மேடை உயரம் 900 மி.மீ., ஆழம் 700 முதல் 750 மி.மீ. கிரிலுக்கு ஒரு பக்கம் குறைந்தது 600 மி.மீ., மறுபக்கம் 300 மி.மீ. காலி இடம் வேண்டும். சூடான தட்டை இறக்கி வைக்க இடமில்லாத மேடையை யாரும் இரண்டாம் முறை பயன்படுத்த மாட்டார்கள். 800 மி.மீ. கிரில் என்றால் இதிலேயே 1,700 மி.மீ. போய்விடும். மீதி இடத்தில்தான் இழுப்பறையும் சிலிண்டர் அறையும்.

இடம் குறிக்கும் நாளில் காற்றைப் பாருங்கள். மூடிபோட்ட கிரிலில் வெப்பம் பின்பக்கத் திறப்பு வழியாக வெளியேறும். வழக்கமாக வீசும் காற்று அந்தப் பின்பக்கத்தில் மோதினால், வெப்பம் திரும்பி முன்புறக் குமிழ்களையும் உள்ளே இருக்கும் கேஸ் குழாய்களையும் சுடும். குமிழ் உருகுவது, கண்ட்ரோல் பேனல் நிறம் மாறுவது போன்ற புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிரிலைத் திருப்பி வையுங்கள், முடியாவிட்டால் காற்றுத் தடுப்புக்கு இடம் விடுங்கள். புகை வீட்டு ஜன்னலுக்குள் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தளமும் உடலும்

மணல்மேல் பாவிய தரைக்கல்லின் மேல் மேடை கட்டாதீர்கள். ஓரிரு மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கும். அதோடு கல்லின் இணைப்பு விரியும், கேஸ் இணைப்பு இழுபடும். மேடைக்கென்று தனித் தளம் வேண்டும்: 100 முதல் 150 மி.மீ. ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் கம்பிவலையோடு 100 மி.மீ. கான்கிரீட். மண் உறைந்து உப்பும் குளிர் நாடுகளில் அடித்தளம் உறைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும்.

தளத்துக்கு வீட்டிலிருந்து விலகும் திசையில் 2 சதவீத வாட்டம் கொடுப்பீர்கள். 750 மி.மீ. ஆழ மேடையில் அது முன்னுக்கும் பின்னுக்கும் 15 மி.மீ. வித்தியாசம். அதை முதல் வரிசைக் கல்லிலேயே சரிசெய்துவிடுங்கள். மேடை ரசமட்டத்துக்கு இல்லாவிட்டால் கிரிலின் கொழுப்பு தட்டுக்குப் போகாமல் ஒரு மூலையில் தேங்கும். தேங்கிய கொழுப்பு தீப்பிடிக்கும்.

மாடியிலோ மரத்தளத்திலோ கேட்டால் முதலில் எடைக் கணக்கு. 30 மி.மீ. கிரானைட் மட்டும் சதுர மீட்டருக்கு 80 கிலோ வரும். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது.

உடலைக் கான்கிரீட் பிளாக்கால் கட்டலாம். அல்லது துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டத்தில் 12 மி.மீ. சிமெண்ட் போர்டு அடிக்கலாம். உங்கள் குழுவுக்கு பிளாக் வேகமாக வரும். எஃகுச் சட்டம் எடை குறைவு, பட்டறையில் செய்து கொண்டுபோகலாம். ஜிப்சம் போர்டு வெளியே நிற்காது. மரச்சட்டம் என்றால் கிரில் தயாரிப்பாளரே விற்கும் வெப்பத் தடுப்பு உறை கட்டாயம். பெரும்பாலான கிரில்களுக்கு அது தனி விலை.

மேடைக்கல்லுக்கு கிரானைட் நல்ல தேர்வு. செயற்கை குவார்ட்ஸில் இருக்கும் ரெசின் வெயிலில் மஞ்சளாகும், சூட்டிலும் கெடும். பளிங்கில் எலுமிச்சைச் சாறு பட்ட இடமெல்லாம் தழும்பாகும். கிரில் துளையின் உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கல்லின் அடியில் விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே ஒரு சின்னக் காடி எடுத்துவிட்டால் மழைநீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

கேஸ்: இதில் சமரசம் வேண்டாம்

இணைப்பை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் வருவதற்கு முன் நீங்கள் கட்டும் பெட்டிதான் பாதுகாப்பையும் ஆபத்தையும் தீர்மானிக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அதனால் மேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் தரையை ஒட்டிக் காற்றுத் திறப்புகள் வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அதற்கு மேலே, கல்லுக்குச் சற்றுக் கீழே திறப்பு வேண்டும். இரண்டு இடத்திலும் வைத்துவிடுவதே நல்லது, பிறகு வாடிக்கையாளர் எரிபொருளை மாற்றினாலும் கவலையில்லை. எத்தனை திறப்பு, என்ன பரப்பு என்பது கிரில் கையேட்டில் இருக்கும். அழகுக்காகத் திறப்பைக் குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சிலிண்டர் அறையின் தரை சுற்றுத் தளத்தைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது. கசிந்த கேஸ் குழியில் தேங்குவதுபோல அங்கே நிற்கும். அந்த அறைக்கும் கிரிலுக்கும் நடுவே முழுச் சுவர் வேண்டும். அறைக்குள் திறக்கும் மின்குழாய் முனைகளை அடைத்துவிடுங்கள்.

18 கிலோவாட் கிரில் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் 1.4 கிலோ எல்.பி.ஜி. செலவாகும். சின்ன சிலிண்டர் அவ்வளவு வேகமாக ஆவியாக்கித் தர முடியாமல் வெளியே பனி பூத்துச் சுடர் தணியும். பெரிய சிலிண்டருக்கு இடம் விடுங்கள். குழாய் எரிவாயு என்றால் எல்லா பர்னர்களின் கூட்டுத் தேவையையும் தூரத்தையும் வைத்துக் குழாயின் விட்டத்தைக் கணக்கிட வேண்டும். கிரில் மட்டும் எரியும்போது நன்றாக இருந்து, பக்கத்து பர்னரையும் திறந்ததும் இரண்டும் சோர்ந்தால் குழாய் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு எரிபொருளுக்கும் ஜெட் (பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சிறு முனை) துளையும் வேறு. ஒரே கன அளவில் எல்.பி.ஜி. சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் தருவதால் அதன் ஜெட் துளை சிறியது. இயற்கை எரிவாயுவுக்கான கிரிலில் எல்.பி.ஜி.யை மாட்டினால் மஞ்சள் சுடர் மேலெழுந்து கரி கக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே எந்த எரிபொருளுக்கான கிரில் என்று தகட்டைப் பாருங்கள்.

அழுத்தச் சோதனை பள்ளத்தை மூடும் முன் நடக்க வேண்டும். அப்போது கிரில் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சோதனை அழுத்தம் கிரிலின் வால்வையும் ரெகுலேட்டரையும் கெடுத்துவிடும். மாட்டிய பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. மூடும் வால்வு, கைநீட்டினால் எட்டும் இடத்தில், கிரிலுக்கு மேல் சாயாமல் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

மின்சாரம், தண்ணீர், எஃகு

மின்சாரத்தில் மூன்று விஷயம்: வீட்டிலிருந்து தனிச் சுற்று, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அல்லது உங்கள் நாட்டு விதி கேட்கும் அதற்கு இணையான கருவி, மழைக்கேற்ற மூடிபோட்ட சாக்கெட். ஃபிரிட்ஜ் வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதா, முன்பக்கம் வெப்பம் விடுவதா என்று பாருங்கள். அதன் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு இருக்கும்: 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரை, 'டி' என்றால் 43 டிகிரி வரை. 'என்' வகையை வெயில்பட்ட மேடைக்குள் அடைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சாகும்.

சிங்க் கழிவு வீட்டுக் கழிவுக் குழாயோடுதான் சேர வேண்டும். தோட்ட மண்ணில் விட்டால் கொழுப்பு அடைத்து நாறும்.

கதவு, இழுப்பறைக்குத் துருப்பிடிக்காத எஃகில் 304 தரம் போதும். கடற்கரையை ஒட்டிய இடம், நீச்சல்குளக் குளோரின் அருகே என்றால் 316. காந்தம் நன்றாக ஒட்டினால் அது மலிவான 430 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நல்ல எஃகையும் கட்டுவேலைக்காரர்களே கெடுப்பதுண்டு. கல்லில் படிந்த சிமெண்ட் கறையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவும்போது அதன் ஆவி பட்டாலே கதவுகள் சில நாளில் துருப்புள்ளி காட்டும். அருகில் இரும்பை அறுத்தால் பொறித்துகள் ஒட்டித் துருவாகும். அமிலக் கழுவலும் அறுப்பும் முழுவதும் முடிந்து தண்ணீர்விட்டு அலசிய பிறகே எஃகுப் பொருள் உள்ளே வரட்டும்.

கூரைக்கு அடியில் கிரில் கேட்டால் புகைக்கூண்டு வேண்டும். கிரிலைவிட இரு பக்கமும் 75 மி.மீ. அகலம், பொதுவாக மணிக்கு 2,000 கன மீட்டர் இழுக்கும் விசிறி. வீட்டு அடுப்புக்கான சிம்னி இதற்குப் பற்றாது. விறகு பீட்ஸா அடுப்பு கட்டினால், புது அடுப்பை ஐந்து முதல் ஏழு நாள் சிறுசிறு நெருப்பாக ஏற்றிக் காயவைக்க வேண்டும் என்பதைக் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் குவிமாடத்தைப் பிளக்கும்.

விலை

செலவுக்கு மேல் 25 சதவீதம் சேர்த்தால் 25 சதவீத லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். செலவு 100, விலை 125 என்றால் விலையில் உங்கள் பங்கு 20 சதவீதம்தான். 30 சதவீதம் வேண்டுமென்றால் செலவை 0.70 ஆல் வகுங்கள். 100 செலவுக்கு 143 விலை. அந்த 100க்குள் கேஸ், மின்சாரக்காரர்களை ஒருங்கிணைக்க நீங்கள் செலவிடும் மணிநேரமும் அனுமதிக் கட்டணமும் சேர்ந்திருக்கட்டும். முதல் மூன்று வேலைகளுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை மணி போனது என்று எழுதி வையுங்கள். நான்காவது மதிப்பீட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

கிரிலைத் தானே வாங்கித் தருவதாக வாடிக்கையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பொருளின் உத்தரவாதம் அவர் பொறுப்பு, பொருள் தாமதமானால் தேதி தள்ளும், இறக்கிவைப்பது யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் வாங்கினால் பொருளின் முழு விலையும் முன்பணமாக வர வேண்டும். மீதியைத் தளம் முடிந்ததும், கல் ஏறியதும், சோதனை முடிந்து ஒப்படைத்ததும் என்று பிரியுங்கள். உங்கள் காப்பீடு கேஸ் சார்ந்த வேலைக்கும் பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் முதல் கையெழுத்து.

ஒப்படைக்கும் நாளில் வால்வை வாடிக்கையாளரையே திருப்பி மூடச் சொல்லுங்கள். கூடவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் நீட்டுங்கள். பர்னரின் காற்றுக்குழாய்க்குள் சிலந்தி வலை கட்டும்; அது கேஸை வழிமறித்தால் நெருப்பு பின்வாங்கிக் குமிழ்ப் பக்கம் எரியும். நீண்ட நாள் சும்மா கிடந்த கிரிலில் இது சகஜம். குழாயைப் பிரஷ் விட்டுத் துலக்குவது, கொழுப்புத் தட்டைச் சுத்தம் செய்வது, ஹோஸையும் இணைப்புகளையும் நுரை போட்டுப் பார்ப்பது, கல்லுக்குப் புதுப் பூச்சு, சிலிக்கான் ஓரங்களைச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தும் ஒரே ஆளுக்கு அரைநாள் வேலை.