ஸ்பா தொட்டியின் ஹீட்டர் பாதியிலேயே அணைவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பா தொட்டியின் ஹீட்டர் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடுகிறது; பம்ப் மட்டும் ஓடுகிறது. ஹீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஹீட்டர் குழாய்க்குள் போதிய நீரோட்டம் இல்லை என்று அழுத்த சுவிட்ச் உணர்ந்தாலோ, அங்குள்ள நீர் அளவுக்கு மீறிச் சூடானாலோ, சூடேற்றும் கம்பி கருகிவிடாதபடி மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். பம்ப் ஓடும் சத்தம் கேட்பதாலேயே நீர் சரியாகப் பாய்கிறது என்று சொல்லிவிட முடியாது.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபில்டர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டுச் சிறிது நேரம் மட்டும் இயக்கிப் பாருங்கள். ஹீட்டர் நிற்காமல் ஓடினால், குற்றவாளி அடைபட்ட ஃபில்டர்தான். மடிப்புகளுக்கிடையே படிந்திருக்கும் உடல் எண்ணெயும் க்ரீமும் வெறும் தண்ணீருக்குப் போகாது என்பதால், அதற்குரிய கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து அலச வேண்டும். ஃபில்டர் இல்லாதபோதும் ஹீட்டர் அணைந்தால், நீர்மட்டம், பாதி மூடிய வால்வு, புதிதாக நீர் நிரப்பியபோது குழாயில் சிக்கிய காற்று ஆகியவற்றைப் பாருங்கள். அழுத்த சுவிட்சின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து 'சரிசெய்து' தருவதாக யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

ஹீட்டர் இயங்கத் தொடங்கியதுமே கசிவு மின்தடுப்பான் (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், அது வேறு கதை. கம்பியின் உறை அரித்து, மின்சாரம் நீரில் கசியக்கூடும். மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இணைப்பைக் கழற்றி அளக்கும்போது, 230 வோல்ட்டில் இயங்கும் 3 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் உலோக உறைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தவறினால்தான் ஹீட்டரை மாற்றுவதா என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

நீர் மெதுவாகச் சூடாவதற்குக் கம்பியில் படியும் சுண்ணாம்பே காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் நீருக்குள் இருக்கும் கம்பியின் வெப்பம் எப்படியும் நீருக்குத்தான் போகும். படிவினால் கெடுவது கம்பியின் ஆயுள். 1,000 லிட்டர் நீரை 3 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஏறத்தாழ 2.5 டிகிரி உயர்த்தும். அது நிற்காமல் ஓடியும் வேகம் மிகக் குறைந்தால், நீர் ஊறிக் கனத்து, வெப்பத்தை வெளியே விட்டுவிடும் மூடியைச் சந்தேகியுங்கள்.

பராமரிப்பில் முக்கியமானது நீரின் தன்மை. பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். குறைந்தால் உலோகம் அரிக்கும், கூடினால் சுண்ணாம்பு படியும். வாரம் ஒருமுறை ஃபில்டரை அலசுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நீரை மாற்றும்போது, வடிப்பதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.