அவர் காலுக்கும் ஒரு ஷூ

கேள்வி: எனக்கு வயது 44. தருமபுரியில் உட்கார்ந்தே பார்க்கும் கணக்கு வேலை. எடை 88 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்னதும், 4,000 ரூபாய்க்கு ஷூ வாங்கி, ராமக்காள் ஏரிப் பக்கம் விடியற்காலையில் ஓடத் தொடங்கினேன். ஐந்து நாள் மூச்சு முட்ட ஓடினேன். ஆறாம் நாள் முழங்காலும் கெண்டைக்காலும் வலியெடுத்து நின்றுவிட்டேன். நான் ஓடிவிட்டு வருவதற்குள் மனைவி கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, வெந்நீரும் வைத்திருப்பாள். (அவளுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறாள். வீட்டு வேலையே அவளுக்குப் போதுமான உடற்பயிற்சி.) நான் எப்படி ஓடிப் பழகுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி

பதில்: தம்பி, உங்கள் முழங்கால் கொஞ்சம் பொறுக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டு நகர்ந்துவிட்டீர்களே, அந்த வரிகளுக்கு வருகிறேன்.

சர்க்கரை எல்லையில் இருப்பவர் ஏரிக்கரையில் ஓடுகிறார். ஆறு வருடமாகச் சர்க்கரை உள்ளவர் அடுப்படியில் நின்று அவருக்குக் கஞ்சி கிண்டுகிறார். இதை எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லையா? "வீட்டு வேலையே உடற்பயிற்சி" என்று எத்தனையோ கணவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். யாரும் தன் மனைவியைக் கேட்டுவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை. பாத்திரம் தேய்த்தால் இடுப்பு வலிக்கும், அடுப்பருகே இரண்டு மணி நேரம் நின்றால் கால் வீங்கும். களைப்பு வேறு, பயிற்சி வேறு. தொடையும் கெண்டைக்காலும் இடைவிடாமல் உழைத்தால்தான் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். அதற்கு மூச்சு சற்று வாங்கும்படி தொடர்ந்து நடக்க வேண்டும். கூடத்துக்கும் கொல்லைக்கும் இருபது முறை போய்வருவதால் அது நடக்காது.

இனி உங்கள் ஓட்டம். உங்களைப் போல ஓடியே பழகாதவர்களுக்கு உலகெங்கும் பலர் பின்பற்றும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் 'கவுச் டு ஃபைவ் கே', அதாவது சோபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வரை. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் அதை வகுத்தார். யாருக்காகத் தெரியுமா? ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவுக்காக. ஓட்டத்தின் ருசியைத் தான் கண்டதும், வீட்டில் இருப்பவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

மொத்தம் ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் முதலில் 5 நிமிடம் வேகநடை. முதல் வாரத்தில் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் ஓட்டம் 90 விநாடி, நடை 2 நிமிடம். இப்படியே ஏறி, ஒன்பதாம் வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம் ஓடலாம். ஒரு வாரம் கடினமாகத் தெரிந்தால் அதையே இன்னொரு முறை செய்யுங்கள், வெட்கமில்லை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். உங்களுக்குக் கால் வலித்த காரணம் வயதில்லை, அவசரம். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். வலி முழுதும் போன பிறகு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.

ஓடாத நான்கு நாள் இருக்கிறதல்லவா? அது உங்கள் காலுக்கு ஓய்வு, கைக்கு இல்லை. அந்த நான்கு விடியற்காலையும் உங்கள் மனைவியுடையவை. அவர் ஏரிக்கரையில் அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வரட்டும். நீங்கள் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டிருங்கள். அடிப்பிடித்தால் நீங்களே குடியுங்கள். நீங்கள் ஓடும் மூன்று நாளில் ஒரு நாளாவது, அந்த முதல் 5 நிமிட வேகநடையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தொடங்கும் முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். எந்த மாத்திரை, என்ன சாப்பிட்டுவிட்டு நடக்கலாம் என்று நீங்களே உடன் போய் விசாரியுங்கள். இடுப்பு முடிச்சில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிய காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, குனிந்து பார்க்க அவருக்குச் சிரமமாக இருந்தால் நீங்கள் பாருங்கள். கட்டியவளின் காலைத் தொட்டுப் பார்ப்பதில் ஆண்மை குறைந்துவிடாது.

நீங்கள் இருப்பது தகடூர் மண். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் ஊர். ஆயுளைக் கூட்டும் பொருள் கையில் வந்தால் அடுத்தவரை நினைப்பது உங்கள் ஊர்ப் பழக்கம்தான். நான் கனி முழுவதையும் கேட்கவில்லை, பாதி கேட்கிறேன்.

இந்த ஞாயிறு மாலை அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். நாளெல்லாம் நின்ற கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும், அப்போது போட்டுப் பார்த்தால்தான் ஷூ அளவு சரியாக அமையும். பருத்திக் காலுறையோடு போட்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "எனக்கெதற்கு, ரப்பர் செருப்பே போதும்" என்று அவர் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.